கர்ப்பிணிக்கு வயிறு இறுகி நோகிறது, ரத்தமும் படுகிறது: பிளசென்டா பிரிவு சந்தேகத்தில் சிறிய கிளினிக் செய்ய வேண்டியவை, வரிசையாக

தியேட்டரும் ரத்த வங்கியும் இல்லாத இடத்தில் வேலை பார்க்கிற வைத்தியருக்கும் தாதிக்கும் எழுதுகிறேன். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு குடும்ப வைத்தியர் கிளினிக், கொட்டாஞ்சேனையில் ஒரு டிஸ்பென்சரி, இப்படியான இடங்கள். பிள்ளை பிறப்பதற்கு முன்பே பிளசென்டா (நச்சுக்கொடி) கருப்பைச் சுவரிலிருந்து கழன்று, பின்னால் ரத்தம் தேங்குகிற நிலைமை இது. நூறு, இருநூறு கர்ப்பங்களில் ஒன்றில்தான் வரும். ஆகவே நம் கிளினிக்கில் அபூர்வம், அபூர்வம் என்பதால் கை பழகியிருக்காது.

புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் தெரியும். வரிசைதான் பிழையாகிவிடுகிறது. "உறுதிப்படுத்திவிட்டு அனுப்புவோம்" என்று நினைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அதற்குள் இருபது நிமிடம் போய்விடும். உறுதிப்படுத்த நம்மிடம் எந்தக் கருவியும் இல்லை. சந்தேகம் வந்தால் போதும், அனுப்பலாம். வண்டி வரும்வரை இருக்கிற நேரத்தை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் கீழே வருவது.

இதை வாசிக்கிற நீங்களே கர்ப்பிணி, ரத்தம் படுகிறது, அல்லது வயிறு விடாமல் இறுகி நோகிறது என்றால், மேலே வாசிக்க வேண்டாம். 1990 ஆம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

1. ஆள் வருவதற்கு முன்பே இருக்க வேண்டியவை

ஒரு பெட்டி. அலுமாரிக்குள் அல்ல, பரிசோதனைக் கட்டிலுக்குப் பக்கத்தில். உள்ளே 16 கேஜ் கெனியூலா (சாம்பல் நிறம்) நாலைந்து, கிடைக்காத நரம்புக்கு 18 கேஜ் (பச்சை), பிளாஸ்டர், சிரிஞ்ச், ரத்தம் எடுக்கிற குழாய்கள், ஹார்ட்மன் அல்லது நோர்மல் சேலைன் இரண்டு லீட்டர், ஏற்றுகிற செட், சானிட்டரி பேட், மார்க்கர் பேனை. நீல நிற 22 கேஜ் இந்தப் பெட்டிக்குள் இருக்கவே கூடாது, ஏனென்றால் பதற்றத்தில் கை அதைத்தான் எடுக்கும், அதன் வழியாக வேகமாக எதுவும் ஏறாது.

ஒட்சிசன் சிலிண்டர், பையுள்ள முகமூடி. சிலிண்டர் திறக்கிற சாவியைச் சிலிண்டரிலேயே கட்டிவையுங்கள். சாவி தேடுகிற காட்சியை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன், எல்லா இடத்திலும் அது மேசை லாச்சிக்குள்தான் இருந்தது.

பிள்ளையின் இதயத்துடிப்பு கேட்கிற டொப்ளர், ஜெல், மேலதிக பற்றரி. பெரிய கைக்கு ஏற்ற பிரஷர் கஃப் ஒன்று. பிரசவத் துணிப்பொதி: கிளாம்ப் இரண்டு, கத்தரி, காய்ந்த துவாய்கள். குளிர்சாதனப் பெட்டியில் ஒக்சிடோசின். வலிப்பு வந்தால் கொடுக்க மக்னீசியம் சல்பேட்.

அடுத்தது, சுவரில் ஒட்டிய தொலைபேசி எண்கள். 1990 எல்லோருக்கும் தெரியும். நீங்கள் வழமையாக அனுப்புகிற ஆஸ்பத்திரியின் பிரசவ அறை நேரடி எண்ணை ஒரு சாதாரண நாளில் அழைத்து, யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கவுண்டரில் இருக்கிற பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள். கர்ப்பிணி ஒருவர் ரத்தம், வயிற்றுநோ, விழுந்துவிட்டேன், பிள்ளை துடிக்கவில்லை, இந்த நாலில் எதைச் சொன்னாலும் டோக்கன் கிடையாது, நேரே உள்ளே. தொலைபேசியில் சொன்னால் "கிளினிக்குக்கு வாங்கோ" என்று சொல்லக்கூடாது. நம்மிடம் வந்துவிட்டுப் போவது ஒரு வீண் தரிப்பு. வீட்டிலிருந்தே 1990.

2. யாரைச் சந்தேகிப்பது

20 வாரம் தாண்டிய எந்தக் கர்ப்பிணியாக இருந்தாலும், வயிற்றிலோ நாரியிலோ நோவு, யோனிவழி ரத்தம், வயிறு இறுக்கம், பிள்ளையின் துடிப்பு குறைவு, இவற்றில் ஒன்று இருந்தாலே இந்த நோயை நினைக்க வேண்டும். இரண்டு இருந்தால் வேறு எதையும் முதலில் நினைக்கக்கூடாது.

ரத்தம் வெளியே தெரியாமலும் இருக்கும். ஐந்தில் ஒருவருக்கு, சில கணக்கில் அதற்கும் மேலே, ரத்தம் பிளசென்டாவுக்குப் பின்னாலேயே தேங்கி நிற்கும். பேடில் ஒரு சொட்டுத்தான் இருக்கும், ஆள் வெளிறி வியர்த்துக் கொட்டிக்கொண்டிருப்பார். கண்ணுக்குத் தெரிகிற ரத்தத்தை வைத்து அளவிடுகிற பழக்கத்தை இந்த நோயில் விட்டுவிட வேண்டும்.

பிளசென்டா கருப்பையின் பின்சுவரில் இருந்தால் வயிற்றைவிட நாரிதான் நோகும். "இரண்டு நாளா நாரி உளைவு டொக்டர், இண்டைக்கு நிக்கவே ஏலாமக் கிடக்கு" என்று வருகிறவருக்குத் தைலமும் ஓய்வும் சொல்லி அனுப்பாமல் வயிற்றில் கையை வையுங்கள்.

அபாயக் காரணிகள்: முன்பு ஒரு தடவை இதே பிரச்சினை, பிரஷர் அல்லது பிரீஎக்லாம்சியா (கர்ப்பத்தில் பிரஷர் ஏறி, சிறுநீரில் புரதமும் போகிற நோய்), புகைத்தல், வயிற்றில் அடி, வாகன விபத்து, நேரத்துக்கு முன் நீர்க்குடம் உடைதல், நீர்க்குடத்தில் நீர் அதிகம், இரட்டைப் பிள்ளை. கேட்டு எழுதுங்கள், ஆனால் சந்தேகத்தைக் கைவிடுவதற்கு இதைப் பாவிக்க வேண்டாம். பத்தில் ஏழு பேர் எந்த அபாயக் காரணியும் இல்லாதவர்கள்தான்.

3. முதல் வேலை: வண்டிக்கு அழைப்பது

சந்தேகம் வந்தவுடன், பிரஷர் எடுப்பதற்கு முன், ஒருவர் 1990 க்கு அழைக்கட்டும். இலவச ஆம்புலன்ஸ், உள்ளே முதலுதவி தெரிந்தவர் இருப்பார். "கர்ப்பிணி, இத்தனை வாரம், ரத்தப்போக்கு, அவசரம்" என்று சொல்லி, வீதியின் பெயரோடு பக்கத்தில் உள்ள பெரிய அடையாளத்தையும் சொல்லச் சொல்லுங்கள். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கைகள் எல்லாம் பார்க்க ஒன்றுபோலத்தான், ஆகவே ஒருவர் ஒழுங்கை வாசலில் போய் நிற்கட்டும்.

ஏன் முதலில்? வண்டி வர எடுக்கிற நேரம் நம் கையில் இல்லை, மற்ற எல்லாவற்றையும் அந்த நேரத்துக்குள் செய்து முடித்துவிடலாம். பரிசோதித்துவிட்டு அழைத்தால் இரண்டு நேரமும் கூடிப்போகும். சந்தேகம் பிழையாகிப் போனால்? போகட்டும். அங்கே கண்காணித்துவிட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள், அவ்வளவுதான்.

4. படுக்கவைத்து, முதலில் தாயைப் பார்ப்பது

இடப்பக்கம் சரித்துப் படுக்க வையுங்கள், அல்லது வலப்பக்க இடுப்புக்குக் கீழே ஒரு தலையணையைச் செருகுங்கள். மல்லாக்கப் படுத்தால் பாரமான கருப்பை பெருநாளத்தை அமத்தி, இதயத்துக்குத் திரும்புகிற ரத்தத்தைக் குறைத்துவிடும். ஏற்கெனவே ரத்தம் இழந்தவருக்கு அந்தக் குறைவே போதும் மயங்க.

நாடி, சுவாசம், பிரஷர், கையின் குளிர், முகத்தின் வெளிறல். இந்த வரிசையில் நாடிதான் முதலில். கர்ப்பகாலத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு கூடியிருக்கும், இளம் உடம்பு நாளங்களை இறுக்கிப் பிரஷரைப் பிடித்துவைத்திருக்கும், அதனால் மொத்த ரத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போகும்வரைகூடப் பிரஷர் இறங்காமல் இருக்கலாம். பிறகு ஒரேயடியாக விழும்.

ஆகவே நாடியை மேல் பிரஷரால் வகுத்துப் பாருங்கள். 0.9 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆள் ஆபத்தில் இருக்கிறார். நாடி 112, பிரஷர் 104/66 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே "பரவாயில்லை" போலத் தெரியும், வகுத்தால் 1.08. தாதிக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள், கைத்தொலைபேசியில் கணக்குப் போட்டாலே போதும்.

புதியவர்கள் அதிகம் ஏமாறுகிற இடம் இனி வருவது. கர்ப்பிணியின் எச்-512 என்கிற கர்ப்பகாலப் பதிவு அட்டையைக் கையில் வாங்கிப் பழைய பிரஷர்களைப் பாருங்கள். போன கிழமை 150/100 இருந்தவருக்கு இன்றைக்கு 115/75 என்றால், பிரஷர் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்படக் கூடாது. ரத்தம் உள்ளுக்குள் போய்க்கொண்டிருக்கிறது, அதனால்தான் எண் அழகாக இருக்கிறது. பிரீஎக்லாம்சியாவும் பிளசென்டா பிரிவும் சேர்ந்து வருவது வழமை, அந்தச் சேர்க்கையில் தனியாக எடுத்த ஒரு பிரஷர் எதையும் சொல்லாது. அட்டை கொண்டுவரவில்லை என்றால் கணவரிடம் கேளுங்கள், கைத்தொலைபேசியில் படம் எடுத்துவைத்திருப்பவர்கள் இப்போது நிறைய.

நாடியையும் பிரஷரையும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எடுத்து, நேரத்தோடு ஒரு தாளில் எழுதிக்கொண்டே போங்கள். ஒரு எண்ணைவிட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைத்தான் ஆஸ்பத்திரி கேட்கும்.

5. பேசிக்கொண்டே கேட்க வேண்டியவை

கையில் கஃப் சுற்றும்போதே கேளுங்கள். தனியாக இருந்து வரலாறு எடுக்க நேரம் இல்லை.

"நோ விட்டு விட்டு வருதோ, விடாம நிக்குதோ?" பிரசவ வலி வரும், போகும், இடையில் வயிறு தளரும். இந்த நோவு பொதுவாக விடாது. "பிள்ளை கடைசியா எப்ப துடிச்சது?" "எத்தனை பேட் மாத்தினீங்கள், கட்டியா வந்ததோ?" "நீர் உடைஞ்சதோ?" "எங்கேயும் விழுந்தனீங்களோ, அடிபட்டதோ?" "கடைசியா எப்ப சாப்பிட்டீங்கள்?" முந்திய சிசேரியன் உண்டா என்பதும் முக்கியம், ஏனென்றால் பழைய தையல் விட்டுக் கருப்பை கிழிவதும் இதேபோல நோவோடும் அதிர்ச்சியோடும் (ரத்தம் இழந்து பிரஷர் விழுகிற ஷொக்) வரும். இரண்டுக்கும் நாம் செய்வது ஒன்றுதான்: அனுப்புவது.

ரத்த வகையை அட்டையிலிருந்து பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். நெகட்டிவ் என்றால் வட்டம் போடுங்கள். 72 மணித்தியாலத்துக்குள் அன்ரி-டி ஊசி கொடுக்க வேண்டும், அதை ஆஸ்பத்திரி செய்யும், நம் வேலை அவர்கள் கண்ணில் படவைப்பது.

6. வயிற்றில் கை, ஆனால் உள்ளே கை வேண்டாம்

உள்ளங்கையை விரித்து வயிற்றின் மேல் வைத்து, ஒரு நிமிடம் எடுக்காமல் இருங்கள். குத்திக் குத்திப் பார்க்கத் தேவையில்லை. கருப்பை பலகைபோல இறுகி, தொட்டால் நோகிறதா, இடையில் தளர்கிறதா என்பதுதான் கேள்வி. சிலருக்கு வயிறு கல்லாக இருக்காது. அடிக்கடி, சின்னச் சின்னதாக இறுக்கம் வரும், நடுவில் முழுதாகத் தளராது. அதுவும் இதுதான். பின்சுவரில் பிளசென்டா உள்ளவருக்கு வயிறு மிருதுவாகவே இருக்கலாம், அதனால் மிருதுவான வயிற்றை வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

பிறகு கருப்பையின் மேல் விளிம்பைத் தொட்டுப் பிடித்து மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள், பக்கத்தில் நேரத்தையும் எழுதுங்கள். உள்ளே ரத்தம் தேங்கினால் அந்த விளிம்பு மேலே ஏறும். பிரசவ அறையில் பார்க்கிறவருக்கு அந்தக் கோடு ஒரு கடிதத்தைவிடப் பிரயோசனம்.

விரல்வழிப் பரிசோதனை செய்யவே கூடாது. பிளசென்டா கீழே, கருப்பை வாயை மூடிக்கொண்டு இருந்தால், விரல் பட்டவுடன் பெருக்கெடுக்கிற ரத்தத்தை நம் கிளினிக்கில் யாராலும் நிறுத்த முடியாது. கீழ்ப் பிளசென்டாவில் பொதுவாக நோவு இருக்காது, வயிறு மிருதுவாக இருக்கும் என்று படித்திருப்பீர்கள், சரிதான், ஆனால் இரண்டும் ஒன்றாகவும் வரும். பழைய ஸ்கேன் அறிக்கை இருந்தால் பிளசென்டா எங்கே என்று பாருங்கள். மேலே என்று எழுதியிருந்தாலும் விரல்வழிப் பரிசோதனையால் நமக்குக் கிடைக்கப் போவது எதுவும் இல்லை. ரத்தத்தின் அளவை வெளியே வைத்த பேடில் பாருங்கள், அந்தப் பேடை எறியாமல் ஒரு பையில் போட்டுக் கூடவே அனுப்புங்கள்.

சில கிளினிக்குகளில் இப்போது சின்ன ஸ்கேன் மெஷின் இருக்கிறது, அதுதான் புதுத் தலையிடி. பிளசென்டா பிரிவில் நாலில் மூன்றை ஸ்கேன் தவறவிடும். புதிதாக உறைந்த ரத்தமும் பிளசென்டாவும் திரையில் ஒரே நிறமாகத் தெரிவதுதான் காரணம். "ஸ்கேன் நல்லா இருக்கு, வீட்டுக்குப் போங்கோ" என்பது இந்த நோயில் சொல்லக்கூடிய ஆகப் பிழையான வசனம். மெஷினை அணைத்து வையுங்கள்.

7. பிள்ளையின் இதயத்துடிப்பு

டொப்ளரை வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். அதே நேரம் மற்றக் கையால் தாயின் நாடியைப் பிடித்திருங்கள். தாயின் நாடி 120 ஓடும்போது அதையே பிள்ளையினது என்று எண்ணி நிம்மதியடைவது அடிக்கடி நடக்கிறது. 110 முதல் 160 வரை வழமையானது. அதற்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்குச் சொல்கிற முதல் வசனத்திலேயே அது வர வேண்டும், தியேட்டரை அவர்கள் முன்கூட்டியே திறப்பார்கள்.

இரண்டு நிமிடம் தேடியும் கேட்கவில்லை என்றால் நிறுத்துங்கள். தாயிடம் "எங்கட மெஷின்ல வடிவா கேக்கேல்ல, அங்க ஸ்கேன்ல பாப்பினம்" என்று சொல்லலாம், அது உண்மையும்கூட. பிள்ளை இல்லை என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை இல்லை.

கேட்கவில்லை என்பதால் அவசரம் குறைந்துவிட்டது என்று நினைக்கிறவர்களும் உண்டு. மறுபக்கம்தான் உண்மை. பிள்ளை இறக்கிற அளவுக்குப் பிளசென்டா கழன்றிருந்தால் பாதிக்கு மேல் பிரிந்திருக்கும், ரத்தம் உறைகிற சக்தியே தாயிடமிருந்து போய்க்கொண்டிருக்கலாம். இந்தக் கூட்டத்தில் மூன்றில் ஒருவருக்கு வரை அப்படியாகிறது.

8. வழி போடுவது, சேலைன், ஒட்சிசன்

இரண்டு கையிலும் ஒவ்வொரு 16 கேஜ். ஒன்று போதாது, வண்டியில் ஏற்றும்போது ஒன்று கழன்றுவிடும். நேரம் தாழ்த்தாமல் போட வேண்டும், ஏனென்றால் பிரஷர் விழுந்த பிறகு நரம்பு அகப்படாது. போடும்போதே ரத்தத்தை எடுத்துக் குழாய்களில் பிடித்து, பெயரும் நேரமும் எழுதிக் கூட அனுப்புங்கள். குழாயில் பெயர் இல்லையென்றால் அங்கே குப்பைக்குத்தான் போகும்.

வண்டி பிந்துகிறதா? சுத்தமான கண்ணாடிக் குழாயில் 2 மில்லிலீட்டர் ரத்தத்தை விட்டு, உள்ளங்கைச் சூட்டில் பொத்திப் பிடியுங்கள். 4 நிமிடத்தில் மெதுவாகச் சரித்துப் பார்த்து, பிறகு நிமிடத்துக்கு ஒரு தடவை. 7 நிமிடம் ஆகியும் கட்டிபடவில்லை, அல்லது பட்ட கட்டி இலகுவாக உடைகிறது என்றால் உறைதல் கெட்டுவிட்டது. இந்த ஒரு வசனம் ஆஸ்பத்திரியில் ரத்தப் பொருட்களை முன்கூட்டியே எடுக்க வைக்கும். ஆனால் வண்டி வாசலில் நிற்க, குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம்.

நாடி வேகம், கை குளிர்ச்சி, பிரஷர் இறக்கம் என்று இருந்தால் 500 மில்லிலீட்டர் வேகமாக விட்டு மீண்டும் பாருங்கள், தேவையென்றால் இன்னொரு 500. அதிர்ச்சி அறிகுறி ஒன்றுமில்லாத பிரீஎக்லாம்சியாக்காரருக்குச் சும்மா சேலைன் ஏற்ற வேண்டாம், நுரையீரலில் நீர் கட்டும். அவருக்கு வழியை மட்டும் போட்டு வையுங்கள்.

அதிர்ச்சி இருந்தாலோ, ஒட்சிசன் செறிவு 94 வீதத்துக்குக் கீழே இருந்தாலோ பையுள்ள முகமூடியில் நிமிடத்துக்கு 10 முதல் 15 லீட்டர். போர்வையால் மூடுங்கள், உடம்பு குளிர்ந்தால் ரத்தம் உறைவது இன்னும் கெடும், நம் கிளினிக்குகளில் ஏசி வேறு உறைய வைக்கும்.

வலிப்பு வந்தால் மக்னீசியம் சல்பேட் 4 கிராம், ஐதாக்கி, மெதுவாக, 5 முதல் 15 நிமிடம் எடுத்து நரம்புவழி. இதயம் நின்றால் நெஞ்சமுக்கத்தோடு ஒருவர் இரண்டு கையாலும் கருப்பையை இடப்பக்கம் தள்ளிப் பிடிக்க வேண்டும்.

9. செய்யக்கூடாதவை

வாய்வழி எதுவும் வேண்டாம், தேத்தண்ணிகூட. ஒரு மணித்தியாலத்துக்குள் சிசேரியனுக்குப் போகலாம்.

இறுக்கத்தைத் தளர்த்த நிஃபெடிபின் கொடுக்கிற பழக்கம் குறைமாத வலியில் இருந்து வந்தது. இங்கே கொடுத்தால் பிரஷரைத்தான் விழுத்தும், பிரிவு நிற்காது. டைக்லோஃபெனக் ஊசி வேண்டாம்: ரத்தத்தட்டுகளைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும், பிள்ளைக்கும் கூடாது. பொதுவாகவே தசையில் ஊசி வேண்டாம், உறைதல் கெட்டவருக்கு அந்த இடத்தில் ரத்தம் கட்டும், அதிர்ச்சியில் மருந்தும் உறிஞ்சப்படாது. தாங்க முடியாத நோவுக்கு மோர்பின் இருந்தால், பழகிய கை இருந்தால், நரம்புவழி சிறு அளவு. இல்லையென்றால் கையைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள்.

ரத்தப்போக்கைக் குறைக்கிற ட்ரனெக்ஸாமிக் அமிலம் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். 2017 இல் வந்த பெரிய ஆய்வு பிரசவத்துக்குப் பின்னான ரத்தப்போக்கில் செய்யப்பட்டது, பிரசவத்துக்கு முன்னானதில் அல்ல. ஆஸ்பத்திரி தொலைபேசியில் கொடுக்கச் சொன்னால் கொடுங்கள், நாமாகத் தொடங்க வேண்டாம். குறைமாதப் பிள்ளையின் நுரையீரலுக்காகத் தாய்க்குப் போடுகிற ஸ்டீரொயிட் ஊசியும் அப்படித்தான், அதற்காக வண்டியை மறிக்க வேண்டாம்.

இன்னொன்று, "காஸ்". கொழும்பில் நெஞ்சுக்குக் கீழே எந்த நோவு வந்தாலும் வீட்டிலேயே கேஸ்ட்ரைட்டிஸ் என்று பெயர் வைத்துவிட்டுத்தான் வருகிறார்கள், நாமும் அதையே அட்டையில் எழுதி அன்ரசிட் கொடுத்துவிடுகிறோம். 20 வாரம் தாண்டியவருக்கு அந்தச் சொல்லை எழுதுவதற்கு முன் பிரஷர், சிறுநீர்ப் புரதம், வயிற்றில் கை, பிள்ளை துடிப்பு, நாலும் பார்த்திருக்க வேண்டும்.

10. எங்கே அனுப்புவது, என்ன சொல்வது

நாலு கேள்வி: இப்போதே திறக்கக்கூடிய தியேட்டர், மயக்க வைத்தியர், ரத்தம், குறைமாதப் பிள்ளைக்கான பிரிவு. நாலும் உள்ள, ஆகக் கிட்டிய இடம். வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் என்றால் களுபோவில ஆஸ்பத்திரி. கொட்டாஞ்சேனை, மருதானை, கிராண்ட்பாஸ் பக்கம் என்றால் டி சொய்சா அல்லது பொரளையில் உள்ள காசல் வீதி மகளிர் வைத்தியசாலை. அந்த நேரத்துப் போக்குவரத்தைப் பார்த்து ஆம்புலன்ஸ்காரர் சொல்கிற வழியைக் கேளுங்கள்.

இங்கேதான் இழுபறி வரும். "எங்கட டொக்டர் இன்ன பிரைவேட் ஆஸ்பத்திரியிலதான் பாக்கிறவர், அங்க கொண்டு போறம்" என்பார்கள். அவர் மாலை ஆறு மணிக்குச் சனல் பண்ணுகிறவர், இப்போது அங்கே இருக்கிறாரா, ரத்தம் இருக்கிறதா, இரவில் தியேட்டர் ஆட்கள் இருக்கிறார்களா? தொலைபேசியை எடுத்து அவர்கள் முன்னாலேயே கேளுங்கள். நாலுக்கும் ஆம் என்றால் போகட்டும். ஒன்றுக்கு இழுத்தாலும் அரச ஆஸ்பத்திரிதான்.

வண்டி வெகுநேரம் பிந்தும் என்று 1990 சொன்னால், வீட்டுக்காரரின் காரின் பின்சீட்டில் இடப்பக்கம் படுக்கவைத்து, கிளினிக் ஆள் ஒருவர் சேலைனோடு கூடப் போக வேண்டும். ஓட்டோவில் ஏற்ற வேண்டாம், படுக்க முடியாது.

பிரசவ அறைக்கு அழைக்கும்போது சிங்களமோ ஆங்கிலமோ எந்த மொழியானாலும் நோயின் பெயர் முதல் வசனத்தில். "பிளசென்டா பிரிவு சந்தேகம், 32 வாரம், இரண்டாவது பிள்ளை. நாடி 118, பிரஷர் 100/60, வயிறு இறுக்கம், பிள்ளையின் துடிப்பு 100. ஓ நெகட்டிவ். இரண்டு வழி போட்டாச்சு, ஒரு லீட்டர் போகுது. 1990 வண்டி இப்ப வெளிக்கிட்டது." எடுத்தவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கடிதத்திலும் இதே வரிசை, ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எச்-512 அட்டை, ஸ்கேன் அறிக்கை, ரத்தக் குழாய், பேட் எல்லாம் ஒரே பையில்.

11. வீட்டாரோடு

இரண்டு நிமிடம்தான், ஆனால் ஒதுக்குங்கள். "அம்மா, பிள்ளைக்குச் சாப்பாடு போற நச்சுக்கொடி கொஞ்சம் கழண்டிருக்கலாம் எண்டு நினைக்கிறம். உள்ளுக்கு ரத்தம் போகலாம். இப்பவே போகோணும், ஒப்பரேஷன் வேண்டி வரலாம்." மாமியார் உடுப்புப் பை எடுக்க வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்பார், பையைப் பிறகு கொண்டுவரச் சொல்லுங்கள். கணவர் வரும்வரை பொறுப்போம் என்பார்கள், தேவையில்லை, பெண் தானே சம்மதிக்கலாம், கணவர் நேரே ஆஸ்பத்திரிக்கு வரட்டும். ரத்தம் கொடுக்க ஆள் தேடி ஓடவும் வேண்டாம், இலங்கையில் தேசிய இரத்த வங்கிச் சேவை தன்னார்வக் கொடையாளர்களின் ரத்தத்தில்தான் இயங்குகிறது.

"நான் படியேறினதாலயோ?" என்று அந்தப் பெண் கேட்பார். இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

12. நம் கையிலிருந்து நழுவிப்போகிற மூன்று வகை ஆட்கள்

விழுந்தவர். பஸ் சடுதியாகப் பிரேக் போட்டதில் கம்பியில் வயிறு இடித்தது, குளியலறையில் வழுக்கியது. ஒரு நோவும் இல்லை, பிள்ளை துடிக்கிறது, "சும்மா ஒருக்கா காட்டுவம் எண்டு" வந்தவர். இவரையும் அனுப்ப வேண்டும். வயிற்றில் பட்ட அடிக்குப் பிறகு பிரிவு மணித்தியாலங்கள் கழித்தும் தொடங்கும், அதனால் குறைந்தது 4 மணித்தியாலம் பிள்ளையின் துடிப்பை மெஷினில் தொடர்ந்து பார்க்க வேண்டும், அது நம்மிடம் இல்லை. வயிற்றிலோ மார்பிலோ காயம் இருந்து கதை பொருந்தவில்லை என்றால், கணவரை வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகக் கேளுங்கள். 1938 பெண்களுக்கான உதவி எண்.

கொஞ்சமாக, மண்ணிறமாகப் பட்டு நின்றவர். நின்றுவிட்டது என்பதால் முடிந்துவிட்டது என்றில்லை. இன்றைக்கே ஆஸ்பத்திரி, நாடியும் வயிறும் பிள்ளையும் நன்றாக இருந்தால் இவர் மட்டும் காரில் போகலாம், கடிதத்தோடு.

பிரசவம் தொடங்கிவிட்டவர். இந்த நோயில் பிரசவம் மிக வேகமாகப் போகும், முக்கத் தொடங்கிய பெண்ணை வண்டியில் ஏற்ற வேண்டாம். பொதியைத் திறங்கள், பிள்ளையை எடுத்துத் துடைத்துச் சூடாக வையுங்கள், பிள்ளை வந்தவுடன் தாய்க்கு ஒக்சிடோசின் 10 யூனிட் தசையில் (தசை வேண்டாம் என்றதற்கு இது ஒன்றே விலக்கு). கருப்பை சுருங்க மறுக்கலாம், வயிற்றின் மேலால் தேய்த்துக்கொண்டே இருங்கள், பிறகு இரண்டு பேரையும் அனுப்புங்கள்.

13. திரும்பி உங்களிடம் வரும்போது

டிஸ்சார்ஜ் அட்டையில் பாருங்கள்: எத்தனை பைன்ட் ரத்தம் ஏறியது, ஹீமோகுளோபின் எவ்வளவு, நெகட்டிவ் என்றால் அன்ரி-டி போட்டதா, பிரஷர் மாத்திரை எப்போது நிறுத்துவது. பிள்ளையை இழந்தவருக்குப் பால் கட்டுவது பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், நீங்கள் சொல்லுங்கள். பகுதி மிட்வைஃப் மிஸ்ஸுக்கும் ஒரு அழைப்பு எடுத்துத் தெரிவியுங்கள், இல்லாவிட்டால் அவர் "பேபி எப்படி?" என்று கேட்டபடி வாசலுக்கு வந்துவிடுவார்.

அடுத்த கர்ப்பத்தில் இது திரும்ப வருகிற வாய்ப்பு நூறில் நாலைந்து, இரண்டு தடவை வந்தவருக்கு நாலில், ஐந்தில் ஒன்று. இதை அட்டையில் சிவப்பால் எழுதுங்கள். பிரஷரைக் கர்ப்பத்துக்கு முன்பே கட்டுப்படுத்துங்கள், புகைத்தல் இருந்தால் நிறுத்த உதவுங்கள், பிரீஎக்லாம்சியாவும் இருந்தவருக்கு 12 வாரத்திலிருந்து அஸ்பிரின் தேவையா என்று விசேட நிபுணர் முடிவெடுக்க வேண்டும், அதனால் மாதவிலக்குத் தவறியவுடனேயே வந்து பதிவு செய்யச் சொல்லி, அதற்கான கடிதத்தை இப்போதே எழுதி அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.